உன்னை எதிர்பாராமல் பர்வதமலைக்கு

அன்புள்ள அண்ணாவுக்கு,

அப்பாவின் முதலாண்டுத் திதி முடிந்துவிட்டதால், துக்கம் நடந்த வீட்டார் ஓராண்டு மலையேறக் கூடாது என்ற பெரியவர்களின் தடையும் நீங்கிவிட்டது. வரும் பௌர்ணமியன்று பர்வதமலை ஏறுவது என்று முடிவெடுத்திருக்கிறேன். உனக்கு விடுப்புக் கிடைக்கட்டும் என்று இனிமேல் காத்திருக்கப் போவதில்லை.

போளூர் வழியாகத் தென்மகாதேவமங்கலம் போவதும், அடிவாரத்துப் பச்சையம்மனைக் கும்பிட்டு அந்தக் காலத்தில் இரவில் ஏறத் தொடங்கியதும், கடலாடி வழியாக வந்தவர்கள் மேலே நம்மோடு சேர்ந்துகொண்டதும் நீ அறிந்தவையே. 1989-இல் மாவட்டம் பிரிந்து மலை திருவண்ணாமலைப் பக்கம் போன பிறகும், அப்பாவுக்குக் கடைசிவரை அது நம் வட ஆற்காட்டு மலைதான். சங்க நூலான மலைபடுகடாம் பாடும் நவிர மலை இதுவே என்று யாரிடமும் பெருமையாகச் சொல்வார்.

அப்பாவோடு நாம் ஏறியபோது கடப்பாறைப் படியில் நடந்ததை மட்டும் நீ மறந்திருக்கக்கூடும். பாறையில் அடித்து இறக்கியிருந்த கடப்பாறைகள், எத்தனையோ பேர் மிதித்து வழவழப்பாகி, பனியில் வேறு நனைந்திருந்தன. அடுத்த இரும்புக்குக் கால் எட்டாமல், சங்கிலியைப் பிடித்த கையையும் விட முடியாமல் நான் அழத் தொடங்கியபோது, கீழே நின்ற நீ ஒன்றும் பேசாமல் என் குதிகாலுக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்தாய். பின்னால் நின்றவர் ஒருவர் சீக்கிரம் ஏறச் சொல்லி அதட்டினார். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் கால் இரும்பில் பதியும்வரை என் கனம் முழுவதையும் அந்த ஒரு கையில் தாங்கினாய். உச்சியில் பார்த்தபோது உன் உள்ளங்கையில் என் கொலுசின் தடம் சிவந்து பதிந்திருந்தது.

அந்தக் கையை அப்பா படுக்கையில் கிடந்த மாதங்களில் நான் எவ்வளவு தேடினேன் தெரியுமா? நம் உறவினர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால், அந்த நாட்களைப் பற்றி மேற்கொண்டு எழுதவில்லை. தூரத்தில் வேலை பார்ப்பவனுக்கு ஆயிரம் நெருக்கடி இருக்கும் என்பதை நான் அறியாதவள் அல்லள்.

மூத்த மகன் இருக்கும்போது பெண் முன்னின்று அபிஷேகம் செய்யலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள். நாம் போன காலத்தில், உச்சியில் இருக்கும் மல்லிகார்ஜுனருக்குப் பக்தர்கள் தம் கையாலேயே அபிஷேகம் செய்வதுதான் அங்கே வழக்கமாக இருந்தது; அப்பாவும் நம் இருவர் கைகளையும் சேர்த்துப் பிடித்துத்தானே பாலை ஊற்றினார்? உன்னை ஒதுக்கிவிட்டுப் போவதாக உனக்குத் தோன்றினால் என்னை மன்னித்துவிடு. ஆனால் ஒவ்வொரு முறையும் "அடுத்த பௌர்ணமிக்கு வருகிறேன்" என்று சொன்னது நீ; மன்னிப்புக் கேட்பது மட்டும் ஏன் நானாக இருக்க வேண்டும்?

அபிஷேகத்துக்கு அப்பா கொண்டுபோகும் செப்புச் செம்பு உன் வீட்டில் இருக்கிறது. நீயே எடுத்து வந்தால், இந்த முறையும் எனக்குப் பின்னால் ஏறி வா. கடப்பாறைப் படி எனக்கு இன்னும் பயம்தான். வர முடியாவிட்டால், பௌர்ணமிக்கு முன்பாகச் செம்பை மட்டும் கூரியரில் அனுப்பிவிடு.

உன் தங்கை