ஓட்டச் சங்க ஆண்டறிக்கை: வெறும் வயிற்று ஓட்டத்தை நிறுத்திய ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நம் ஓட்டச் சங்கத்தின் அண்ணன்மார்களே, அக்காமார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

கடந்த ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரையிலான அறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். புதிதாக 11 பேர் சேர்ந்தார்கள். மழைக்காலத்தில் நான்கு ஞாயிறு ஓட்டங்கள் ரத்தாயின. ஜனவரி மாரத்தானில் நம் ஆட்கள் ஒன்பது பேர் 21.1 கிலோமீட்டரை ஓடி முடித்தார்கள். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மீதி நேரம் முழுவதும் நான் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து எண்ணூர் வரை போய்த் திரும்பும் நீண்ட ஓட்டம். ஏறக்குறைய 20 கிலோமீட்டர். திரும்பி வரும்போது திருவொற்றியூர் அருகே, கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் ஓரத்தில், நம் தம்பி ஒருவர் தள்ளாடி உட்கார்ந்துவிட்டார். கை நடுங்கியது, பேச்சு குழறியது. வெயில்தான் என்று நினைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினோம். டீக்கடை அக்காதான், “காலையில இருந்து ஏதாவது சாப்ட்டானாப்பா?” என்று கேட்டார். சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும் இரண்டு பொறையும் கொடுத்தார். கால் மணி நேரத்தில் தம்பிக்கு முகம் தெளிந்தது. எடை குறைய வேண்டும் என்று மூன்று வாரமாக அவர் இரவுச் சாப்பாட்டையே விட்டிருக்கிறார். எத்தனை கிலோமீட்டர், என்ன வேகம் என்று வாராவாரம் கேட்ட நான், சாப்பிட்டாயா என்று ஒருநாளும் கேட்கவில்லை. செயலாளர் என்ற முறையில் அதை என் தவறாகவே இங்கே பதிவு செய்கிறேன்.

அடுத்த வாரமே ராயபுரத்தில் கூட்டம் போட்டோம். கணக்கு எளிது. ஓடும்போது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். 65 கிலோ எடையுள்ளவர் 20 கிலோமீட்டர் ஓடினால் 1300 கலோரி. இட்லிக் கணக்கில் 20-ஐத் தாண்டும். தசையிலும் கல்லீரலிலும் மாவுச்சத்து சேர்ந்து இருப்பதால்தான் நம்மால் ஓடவே முடிகிறது. அந்த இருப்பு, நல்ல வேகத்தில் ஓடினால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குத்தான் தாங்கும். மூளைக்குச் சர்க்கரை கொடுப்பது கல்லீரல் இருப்பு. இரவு முழுக்க அது கரைந்துகொண்டே வருகிறது. இரவும் சாப்பிடாமல் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் கால் ஓடத் தயாராக இருந்தாலும் தலை சுற்றும். தம்பிக்கு நடந்தது இதுதான்.

அப்புறம் சில பழக்கங்களை மாற்றினோம். சனிக்கிழமை இரவு சோறு, இட்லி, இடியாப்பம் என்று ஏதாவது ஒன்றை வயிறார சாப்பிட வேண்டும். அரிசியைக் கண்டாலே பயப்படும் பழக்கம் நம்மிடையே வந்துவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவர்களுக்கு அந்தப் பயம் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். ஞாயிறு காலையில் கிளம்புவதற்கு முன் வாழைப்பழமோ, இரண்டு ஸ்லைஸ் பிரெட்டோ கட்டாயம். கூழ் குடித்துவிட்டு வந்த இருவருக்கு வயிறு ஒத்துழைக்கவில்லை. அது ஓடி முடித்த பிறகுதான் சரிப்படும்.

ஓட்டத்தின் நடுவில் என்ன கொடுப்பது என்பதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. நீண்ட ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து, அதாவது சர்க்கரையாகவாவது, உள்ளே போக வேண்டும். ஓடும்போது சாப்பிடுவதற்கென்று கடையில் விற்கும் இனிப்பு ஜெல் பாக்கெட்டை வாராவாரம் வாங்க நம்மில் பலருக்குக் கட்டுப்படியாகாது. பானகம் போடலாம் என்று மூத்த உறுப்பினர் அண்ணன் சொன்னார். முதல் வாரம் கோயில் பானகம் மாதிரியே தித்திப்பாகப் போட்டுவிட்டோம், ஆறு பேருக்கு வயிற்றைப் பிரட்டியது. சர்க்கரை அடர்த்தியாக இருந்தால் இரைப்பையிலிருந்து சீக்கிரம் இறங்காது. இப்போது ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் வெல்லம், கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சம்பழம், ஒரு சிட்டிகை சுக்கு. வெல்லத்தின் இனிப்பு குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் பிரிகிறது. குடல் இவை இரண்டையும் தனித்தனி வழியில் உறிஞ்சுவதால் இது ஓடுகிறவர்களுக்கு நல்ல சேர்க்கை. உப்பும் முக்கியம். வியர்வையில் உப்பு வெளியேறிக்கொண்டே இருக்க, வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாகிவிடும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் இந்த முறையைப் பின்பற்ற வேண்டும்.

அடுத்து, ஒரு அக்காவின் சம்மதத்தோடு இதைச் சொல்கிறேன். வாரம் 50 கிலோமீட்டர் ஓடிக்கொண்டு, இரவில் வெள்ளரிக்காயும் ஓட்ஸும் மட்டுமே சாப்பிட்டு வந்தார். நான்கு மாதமாக மாதவிடாய் வரவில்லை. ஓடுகிறவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அக்டோபரில் கணுக்காலுக்கு மேலே தாங்க முடியாத வலி, ஸ்கேனில் எலும்பில் மயிரிழை விரிசல். உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு இல்லாவிட்டால் உடல் முதலில் ஹார்மோனையும் எலும்பையும்தான் கைவிடும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே இதற்குத் தனிப் பெயர் வைத்து எச்சரித்தது, 2023-ல் அந்த அறிக்கையைப் புதுப்பித்தது. ஆண்களுக்கும் இது வரும் என்பதும் அதில் இருக்கிறது. மாதவிடாய் நின்றால் அது பயிற்சி நன்றாக நடப்பதற்கு அடையாளம் இல்லை, உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதை நம் தங்கைகளிடம் கூச்சமில்லாமல் பேச ஓர் அக்காவை நியமித்திருக்கிறோம். விரிசல் விழுந்த அக்கா பிப்ரவரியிலிருந்து நடக்கிறார், மெல்ல ஓடவும் தொடங்கியிருக்கிறார்.

ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும், அதில் 20 கிராம் அளவுக்குப் புரதம் இருக்க வேண்டும். மூன்று முட்டை கிட்டத்தட்ட அதைத் தந்துவிடும். 100 கிராம் மீனும் தரும். காசிமேட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு, கடன் வாங்கி புரதப் பவுடர் டப்பா வாங்கும் தம்பிகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. சைவம் சாப்பிடுபவர்களுக்குச் சுண்டலும் தயிரும் இருக்கின்றன. டிசம்பர் முதல் ஞாயிறுதோறும் சங்கச் செலவில் கேழ்வரகுக் கூழும் அவித்த முட்டையும் கொடுக்கிறோம். கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. இதற்காக இந்த ஆண்டு டி-சர்ட் அடிப்பதை நிறுத்தினோம். சிலருக்கு மனக்குறை என்று தெரியும். அந்த முடிவை இப்போதும் சரி என்றே நினைக்கிறேன்.

வரும் ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகள். பானகத்துக்கு 20 லிட்டர் எவர்சில்வர் டிரம் ஒன்று வாங்க வேண்டும். இரவு ஷிஃப்டு முடித்து நேராக ஓட வருகிற துறைமுகத் தோழர்களுக்காகக் காலை நாலரை மணிக்கே வாழைப்பழமும் பிரெட்டும் தயாராக வைக்க இருவர் பொறுப்பேற்க வேண்டும். கை தூக்கினால் இப்போதே பெயர் எழுதிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்