மிதவைத் தடுப்பு வாங்குமுன்: அகலம் மட்டும் போதாது

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கால்வாயில் மிதந்து வரும் குப்பையைக் கரைக்கு ஒதுக்க நீர்மேல் கட்டும் மிதக்கும் வேலிதான் மிதவைத் தடுப்பு. “கால்வாயின் அகலம் 12 மீட்டர், 12 மீட்டர் மிதவைத் தடுப்புக்கு விலை அனுப்புங்கள்” என்று அடிக்கடி கடிதம் வருகிறது. அப்படிக் கேட்டால் எங்களால் சரியான பதில் தர முடிவதில்லை. 12 மீட்டர் கால்வாய்க்குப் பெரும்பாலும் 25 மீட்டர் தடுப்பு வேண்டியிருக்கும். ஏன் என்பதை விளக்கத்தான் இந்த மடல். ஏற்கெனவே வாங்கிப் பொருத்தியவர்களும் மழைக்காலம் தொடங்குமுன் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

மிதவைத் தடுப்பின் வேலை குப்பையை நிறுத்துவது அல்ல, கரையோரமாக ஒதுக்கித் தருவது. ஓட்டத்துக்குக் குறுக்கே நேராகக் கட்டினால் நடுவில் குப்பை குவியும். பின்னால் வரும் தண்ணீர் அதை அழுத்த, பாட்டில்களும் பைகளும் ஒவ்வொன்றாக அடியில் நழுவிப் போகும். நடுவில் குவிந்ததை எடுக்கப் படகும் தேவைப்படும். அதனால் தடுப்பைச் சாய்த்துக் கட்டுகிறோம். ஓட்டத்தின் திசைக்கு 30 பாகை சாய்த்தால், நொடிக்கு 0.8 மீட்டர் ஓடும் தண்ணீர் தடுப்பின் மேல் 0.4 மீட்டர் வேகத்தில்தான் செங்குத்தாக மோதும். மிச்ச வேகம் குப்பையைத் தடுப்பின் ஓரமாகவே தள்ளிக்கொண்டு போய்க் கரையில் உள்ள சேகரிப்புக் கூண்டில் விடும். செங்குத்தாக மோதும் வேகத்தை அரை மீட்டருக்குள் வைக்கப் பார்க்கிறோம். 30 பாகைச் சாய்வுக்கு நீளம் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு, 45 பாகை என்றால் 1.4 மடங்கு.

அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் 2014இல் வைத்த ‘மிஸ்டர் டிராஷ் வீல்’ என்ற குப்பை அள்ளும் இயந்திரத்தின் படத்தைப் பலர் அனுப்பி, அதுபோல் வேண்டும் என்கிறார்கள். அங்கே நீர்ச்சக்கரமும் சூரிய மின்தகடும் ஓட்டுவது குப்பையை மேலே ஏற்றும் பட்டையைத்தான். குப்பையை அந்தப் பட்டையின் வாய்க்குக் கொண்டுவருவது மிதவைத் தடுப்புகள். ஆம்ஸ்டர்டாமில் 2019இல் அமைத்த காற்றுக்குமிழித் திரையிலும் குமிழி விடும் குழாய் கால்வாயின் அடியில் சாய்வாகத்தான் கிடக்கிறது. படகு போகும் வழி என்றால் அந்த முறையைத் தனியாக யோசிக்கலாம். பம்பு வைத்து உறிஞ்சும் மிதக்கும் வாளிகள் படகுத்துறைபோல் தேங்கிய நீருக்கானவை, ஓடும் கால்வாயில் போட்டுப் பயனில்லை.

வேகம் அளக்கக் கருவி வேண்டாம். நேரான இடத்தில் கரையோரம் 10 மீட்டர் அளந்து இரண்டு குச்சி நடுங்கள். பாதிக்கு மேல் தண்ணீர் நிரப்பி மூடிய பாட்டிலை முதல் குச்சிக்குச் சற்று முன்பே ஓட்டத்தில் விட்டு, ஒரு குச்சியிலிருந்து மறுகுச்சிக்கு எத்தனை நொடி என்று பாருங்கள். காலிப் பாட்டில் வேண்டாம், காற்று தள்ளிவிடும். 20 நொடி ஆனால் வேகம் அரை மீட்டர். நடுவில் மூன்று தடவை, கரையோரம் மூன்று தடவை விட்டுப் பாருங்கள். மழை பெய்த மறுநாளும் ஒருமுறை அளந்தால் எங்களுக்குப் பெரிய உதவி. வெள்ளத்தின்போது மட்டும் தண்ணீர் பக்கம் போகாதீர்கள், கரையில் பதிந்த உச்சநீர்த் தடத்தைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.

கூண்டு எந்தக் கரையில்? வளைவு இருந்தால் வெளிக்கரையில். மேற்பரப்பு நீர் வளைவில் வெளிப்பக்கம் ஒதுங்குவதால் மிதப்பதெல்லாம் அங்கேதான் போகும். ஆனால் அதே கரையைத்தான் தண்ணீர் அரிக்கும். அங்கே நங்கூரம் போடும்போது கான்கிரீட் அடிமானத்தைக் கரையின் விளிம்பில் வைக்காமல் உள்ளே தள்ளிப் போட வேண்டும். அந்தக் கரைக்கு வண்டி வருமா என்பதையும் பாருங்கள். வண்டி வராத இடத்தில் வைத்த கூண்டை யாரும் காலி செய்யப் போவதில்லை.

இனி, அதிகம் தவறு நடக்கும் இடத்துக்கு வருவோம். தடுப்பு தொய்வாக இருந்தால் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று டர்ன்பக்கிளை (கயிற்றை இறுக்கும் திருகு) முறுக்கி நாண்போல் இழுத்துவிடுகிறார்கள். அறுவதற்கு முதல் காரணம் இதுதான். கணக்கைப் பாருங்கள். 24 மீட்டர் தடுப்பு, தண்ணீருக்குள் 40 செ.மீ. ஆழம், செங்குத்தாக மோதும் வேகம் 0.4 மீட்டர் என்றால் மொத்த விசை ஏறக்குறைய 115 கிலோ. வெள்ளத்தில் வேகம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்கு, ஆயிரம் கிலோவைத் தாண்டும். நடுவில் 2.4 மீட்டர் தொய்வு விட்டிருந்தால் ஒவ்வொரு முனையிலும் இழுப்பு அந்த விசையைப்போல் சுமார் 1.35 மடங்கு. 60 செ.மீ. தொய்வுதான் என்றால் 5 மடங்கு! அதாவது அதே வெள்ளத்தில், அதே சங்கிலியில், ஒன்றரை டன்னுக்குப் பதில் ஐந்து டன். தொய்வு மிகுந்துபோனாலும் சிக்கல் உண்டு. கூண்டு உள்ள கீழ்முனையருகே தடுப்பு ஓட்டத்துக்குக் குறுக்காகத் திரும்பி, குப்பை கூண்டுக்குப் போகாமல் அந்தப் பையிலேயே தங்கிவிடும். நீளத்தில் பத்தில் ஒரு பங்கு தொய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கில், மிதவைகளுக்குக் கீழே தண்ணீருக்குள் தொங்கும் வலையைப் பலகையாகவே எடுத்திருக்கிறோம். வலைதானே, தண்ணீர் ஊடே போய்விடும் என்று நினைக்கத் தோன்றும். இலையும் பாலித்தீன் பையும் ஒட்டிக்கொண்டால் வலை பலகை ஆகிவிடும். ஆகாயத்தாமரை வரும் கால்வாய் என்றால் இன்னும் கூடுதல் கவனம்: அடர்ந்த பரப்பு சதுர மீட்டருக்கு 20 கிலோவுக்கு மேல் ஈரஎடை இருக்கும், அது முழுவதும் தடுப்பின் மேல் வந்து சாயும். வலை தரையைத் தொடக் கூடாது. ஆழம் குறைந்த நாளில்கூட நீரின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். மீன் போகவும் வழி வேண்டும், வெள்ளநீர் போகவும் வழி வேண்டும்.

முனைகளைக் கரை வளையத்தில் நேரடியாகப் பூட்டாதீர்கள். நீர்மட்டம் ஒன்றரை மீட்டர் ஏறினால் முனை அடியில் இழுபட்டு மூழ்கும், குப்பை அதன் மேலேயே ஏறிப் போய்விடும். செங்குத்துக் குழாயில் ஏறி இறங்கும் வளையம் வைத்து, அந்தக் குழாயை உச்சநீர்த் தடத்துக்கு மேலும் அரை மீட்டர் நீட்டுங்கள். கடலின் ஏற்ற இறக்கம் எட்டும் இடத்தில் ஓட்டம் திரும்பும் என்பதால் கூண்டின் வாயில் ஒருவழிக் கதவு வேண்டும், இல்லாவிட்டால் பிடித்த குப்பை மேல்நோக்கித் திரும்பிப் போகும்.

எதிர்க்கரையில் உள்ள மேல்முனையில் ‘விட்டுக்கொடுக்கும் ஊசி’ ஒன்று வைத்துத் தருகிறோம். மரம் வந்து மோதினால் ஊசி முறிந்து, தடுப்பு கூண்டுள்ள கரையோரமாகப் போய்ப் படுத்துக்கொள்ளும். ஊசி முறிந்தால் பழுது என்று நினைத்து அதன் இடத்தில் தடிமனான போல்ட் மாட்டிவிடாதீர்கள். ஊசிக்குப் பதில் நங்கூரம் பிடுங்கிக்கொள்ளும்.

கம்பிக் கயிற்றில் கிளாம்பு போடும் முறை: 12 மி.மீ. கயிற்றுக்கு மூன்று கிளாம்பு, இடைவெளி 75 மி.மீ. அளவில், கண்ணியில் திம்பிள் (கயிறு தேயாமல் காக்கும் உலோக வளையம்) கட்டாயம். ‘ப’ வடிவ போல்ட் வெட்டுமுனைப் பக்கம், அடித்தட்டு சுமை தாங்கும் கயிற்றின் பக்கம். மாற்றிப் போட்டால் போல்ட் சுமைக் கயிற்றை நசுக்கிவிடும். முதல் சுமை ஏறியதும் நட்டுகளை இன்னொரு தடவை இறுக்குங்கள். உப்புநீரில் துருப்பிடிக்காத எஃகு ஷேக்கிளையும் (சங்கிலியை இணைக்கும் ‘ப’ வடிவக் கொக்கி) துத்தநாகம் பூசிய சங்கிலியையும் சேர்த்து மாட்டினால் சங்கிலியின் பூச்சு விரைவில் தின்னப்படும். இரண்டும் ஒரே உலோகமாக இருக்கட்டும்.

எதைப் பிடிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறோம். சாக்கடைக் கழிவு, கரைந்த இரசாயனம், நடுநீரில் மிதந்து வரும் பைகள், மூழ்கியவை எதையும் பிடிக்காது. குளிர்பான பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக் தண்ணீரைவிடக் கனமானது, மூடி இறுகி உள்ளே காற்று இருந்தால்தான் மிதக்கும். மூடி திறந்தவை நிரம்பி அடியில் உருண்டு போய்விடும்.

கூண்டு பாதி நிறைந்ததும் காலி செய்யுங்கள், முழுதாக நிறையக் காத்திருக்க வேண்டாம். நிறைந்த கூண்டின் வாயிலிருந்து குப்பை பின்னோக்கி வளர்ந்து அடியில் நழுவத் தொடங்கும். நாள்பட்டால் நாறும், தேங்கிய பாட்டில்களில் கொசு முட்டையிடும். மழைக்கு முந்தின நாள் கூண்டு காலியாக இருக்க வேண்டும், முதல் மழைநீர்தான் தெருக் குப்பையை மொத்தமாக அடித்துக்கொண்டு வரும். எடுத்த குப்பையை ஒருநாள் சாய்தளத்தில் வடியவிட்டு அனுப்பினால் வண்டிக்குச் சுமை குறையும். வேலை செய்பவர்கள் இருவராகவே போக வேண்டும். மிதவைச் சட்டை, தடித்த கையுறை, முழங்கால் வரை பூட்ஸ், நீண்ட கைப்பிடி வாரி இவை இல்லாமல் இறங்கக் கூடாது. குப்பையில் மருத்துவ ஊசியும் கண்ணாடித் துண்டும் இருக்கும். எலிக்காய்ச்சல் காயத்தின் வழியே தொற்றும். விறைத்து நிற்கும் கயிற்றின் நேர்கோட்டில் யாரும் நிற்க வேண்டாம்.

விலை கேட்டு எழுதும்போது இவற்றை அனுப்புங்கள்: அகலம், குறைந்த ஆழம், உச்சநீர்த் தடத்தின் உயரம், பாட்டில் விட்டு அளந்த நொடிகள், வளைவு எந்தப் பக்கம், வண்டி எந்தக் கரைக்கு வரும், படகு உண்டா, கால்வாய்க்குப் பொறுப்பான அலுவலகத்தின் எழுத்து அனுமதி கிடைத்துவிட்டதா. பாலத்தின் மேல் நின்று ஓட்டத்தை நோக்கி எடுத்த ஒரு படமும், எதிர்த்திசையில் ஒரு படமும் இருந்தால் பாதிக் கேள்விகளை நாங்கள் கேட்க வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
விற்பனை மற்றும் பொருத்துதல் பிரிவு