போன் விளையாட்டு: ஞாயிறு பின்னேரம் கூடுவோம்

பெற்றோருக்கு வணக்கம்.

போனைப் பறித்தால் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடவும் வருவதில்லை என்று இந்தக் கிழமையும் சிலர் எழுதியிருந்தீர்கள். பறித்தால் சண்டைதான் மிஞ்சும். பிள்ளைகள் போனில் குழுவாக விளையாடும் ஃப்ரீ ஃபயரில் ஓர் ஆட்டம் ஏறக்குறைய 10 நிமிடம். நடுவில் விட்டால், சேர்ந்து விளையாடுகிறவர்களுக்கும் அடி, அதுதான் அந்தக் கத்தல். "இந்த ஆட்டத்தோடு வை" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரவில் எல்லாப் போன்களும் விறாந்தையில் சார்ஜில் கிடக்கட்டும். எல்லாம் என்றால் அப்பாவுடையதும்தான்!

மற்றது, றீலோட் காசு அடிக்கடி கரைந்தால் டயமண்ட் (அந்த விளையாட்டுக்குள் செல்லும் காசு) வாங்குகிறார்களா என்று பாருங்கள். கூகுள் பிளேயில் எதை வாங்கவும் கடவுச்சொல் கேட்கும்படி வைக்கலாம்.

லீவில் நிறைய விளையாடுகிற பிள்ளையெல்லாம் நோயாளி இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின், 2022இல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் விளையாட்டுக்கு அடிமையாவதும் இருக்கிறது. ஆனால் அதை நோய் என்று சொல்ல, கட்டுப்பாடு கைவிட்டுப்போய், படிப்பும் வீட்டு வாழ்க்கையும் குழம்பி, வழக்கமாக 12 மாதமாவது நீடிக்க வேண்டும். அந்த அளவுக்குப் போனால் யாழ். போதனா வைத்தியசாலையில் உளநல வைத்தியரிடம் காட்டுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

ஞாயிறு பின்னேரம் 4 மணி, வாசிகசாலை. பிள்ளையின் போனையும் கொண்டு வாருங்கள், செற்றிங்கை அங்கேயே மாற்றிவிடலாம்.