ஹுவே வரை கூட்டிப்போய் ஓட்டல் பஃபே போட்டது குறித்துப் புகார்

வணக்கம்.

உங்கள் வியட்நாம் 'மூன்று மண்டல உணவுப் பயணம்' பேக்கேஜில் நானும் என் கணவரும் போய் வந்தோம். புக்கிங் விவரமெல்லாம் உங்களிடமே இருக்கிறது, இன்னொரு முறை அனுப்ப எனக்குத் தெம்பில்லை. போன் செய்தால் மெயில் போடு என்கிறீர்கள், மெயில் போட்டால் பதிலே வருவதில்லை.

ஹனோயில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சா கா கடையில் மஞ்சள் தடவிய மீனை மேசைமேலேயே அடுப்பு வைத்து, சதகுப்பைக் கீரையும் வெங்காயத்தாளும் அள்ளிப் போட்டு வதக்கித் தந்தார்கள், அருமை. அதை நம்பித்தான் ஹுவேக்கு அவ்வளவு ஆசையோடு போனோம். 1802 முதல் 1945 வரை நுயென் மன்னர்களின் தலைநகரம், வியட்நாம் சமையலிலேயே தனிப் பெயர் எடுத்த ஊர். அரிசி மாவைக் குட்டிக் கிண்ணங்களில் அவித்து மேலே காய்ந்த இறால் தூவிய பான் பியோ, குட்டிச் சிப்பிக் கறி போட்ட கோம் ஹென் சோறு, எல்லாம் உங்கள் பிரசுரத்தில் படம் போட்டிருக்கிறீர்கள். கிடைத்தது என்ன? ஓட்டல் பஃபேயில் ஃப்ரைடு ரைஸும் ஆறிப்போன ஃபோ நூடுல்ஸ் சூப்பும்!

இதைக் கேட்டதற்கு உங்கள் ரீஃபண்ட் பிரிவு ஆள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எல்லாம் நூடுல்ஸ் சூப்தானே மேடம், எந்த ஊர்ல சாப்பிட்டா என்ன? பட்டினியாவா திரும்பி வந்தீங்க?" சாப்பாட்டுச் சுற்றுலா விற்கிற கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு பேசுகிற பேச்சா இது? ஃபோ என்பது பட்டையும் அன்னாசிப்பூவும் மணக்கும் தெளிந்த சாறு, தட்டை நூடுல்ஸ். ஹுவேயின் சொந்த நூடுல்ஸ் சூப்பான பூன் போ ஹுவேயில் எலுமிச்சைப்புல்லும் புளிக்கவைத்த இறால் விழுதும் சேர்த்து, மேலே சிவப்பாக மிளகாய் எண்ணெய் மிதக்கும், நூடுல்ஸும் தடித்த உருண்டை. உங்களுக்குத் தெரியாததா இது? பிரசுரத்தில் எழுதியதே நீங்கள்தானே.

ஹோய் ஆனில் நடந்தது இன்னும் மோசம். காவ் லாவ் அந்த ஊருக்கே உரியது. சாம்பல் கரைத்த தண்ணீரில் பக்குவப்படுத்திய நூடுல்ஸ், அதற்குப் பா லே கிணற்றுத் தண்ணீர்தான் சரி என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். சாப்பாட்டு நேரத்தில் கைடு எங்களைத் தையல் கடையில் உட்காரவைத்துவிட்டார், வெளியே வந்தபோது வண்டி கிளம்பத் தயாராக நின்றது. சைகோனில் தேங்காய்ப்பால் விட்டுச் சுட்ட பான் செயோ என்ற தோசை சாப்பிட்டோம், அதுவும் நாங்களே கடை தேடிப்போய்ச் சொந்தக் காசில்.

அப்புறம், ஒரிஜினல் வவுச்சரோடு நேரில் வாருங்கள் என்று அந்த ஆளே சொன்னார். லீவு போட்டு, கொட்டும் மழையில் வந்தால், அவர் இன்று வரவில்லை என்று வாசலில் செக்யூரிட்டி சொல்கிறார். உட்காரக்கூட யாரும் சொல்லவில்லை.

வருடக்கணக்கில் சேர்த்த பணம் சார். மறுபடி ஹுவே போக எங்களுக்கு இந்த ஜென்மத்தில் வாய்க்காது. மொத்தப் பயணமும் பாழாய்ப் போனது.

தயவுசெய்து ஹுவே, ஹோய் ஆன் நாட்களுக்கு வாங்கிய சாப்பாட்டுப் பணத்தையும் கைடு கட்டணத்தையும் முழுதாகத் திருப்பித் தாருங்கள். அந்த ஆளிடமிருந்து எழுத்தில் மன்னிப்பும் வேண்டும். 15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவாகும், அடுத்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்தான். பிரசுரம், வவுச்சர், பஃபேயின் போட்டோ எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்