சாயங்காலம் கொடி இறக்க யாரு இருந்தீங்க?

அம்மு,

போன்லயே சொல்லிருப்பேன், ஆனா போன்ல நீ சரிம்மா சரிம்மான்னு சொல்லிக்கிட்டே லேப்டாப்ப தட்டிக்கிட்டு இருப்ப, அந்த டக்கு டக்கு சத்தம் எனக்கு இங்க திருச்சி வரைக்கும் கேக்கும். அதான் உக்காந்து டைப் பண்றேன். மைக்க அமுக்கி பேசுனா தானா எழுதும்னு பொடியன் சொல்லிக்குடுத்தான், பேசிப் பாத்தேன், கொடின்னா கோடின்னு போடுது, வேணாம்னு விட்டுட்டேன்.

ஆகஸ்ட் 15ஆம் தேதி நீ அனுப்புன போட்டோ எல்லாம் பாத்தேன். அப்பார்ட்மென்ட் அசோசியேஷன் செகரட்டரி ஆனப்புறம் முதல் கொடியேத்தம், வெள்ளை சுடிதாரும் மூணு கலர் துப்பட்டாவுமா நல்லா இருந்த. கொடியும் ஒரே இழுப்புல அவுந்துச்சுன்னு வீடியோல பாத்தப்ப எனக்குத்தான் மூச்சு வந்துச்சு, ஏன்னா முந்தின நாள் ராத்திரி வீடியோ கால்ல முடிச்சு சொல்லிக்குடுத்தது நான்ல. முப்பத்தோரு வருஷம் பி.டி. டீச்சரா இருந்து கொடி கட்டிருக்கேன், கனவுல கூட அந்த முடிச்சு இறுகிக்கிட்டு கலெக்டர் இழுத்து இழுத்து பாக்குற மாதிரி வரும். பூவ ஈரத்தோட வைக்காத, ரோஜா இதழ்னா நிழல்ல உலர்த்தி ஒரு கைப்பிடி போதும், ஈரப்பூ கொடியில ஒட்டிக்கிட்டு கீழயே விழாது, வெள்ளையில கறை வேற படியும். காவி மேல வர்ற கயிறு எதுன்னு ஒரு நூல் சுத்தி அடையாளம் வச்சுக்க. இதெல்லாம் எந்த ரூல் புக்லயும் இல்ல, கை சொல்லிக்குடுத்தது.

டெல்லி முறைப்படி பாத்தா, நாம பூவ வச்சு கொடிய மூட்டையா மேல கட்டி இழுக்கறதே ஜனவரி 26க்கு தான். டெல்லியில ஆகஸ்ட் 15க்கு பிரதமர் செங்கோட்டையில கொடிய கீழ இருந்து மேல ஏத்துவாரு, ஜனவரி 26க்கு ஜனாதிபதி ஏற்கெனவே உச்சியில கட்டி வச்ச கொடிய விரிச்சு விடுவாரு. 47ல புதுசா ஏறுன கொடி, 50ல ஏற்கெனவே மேல இருந்த கொடி, அதனால அப்படின்னு சொல்வாங்க. நம்ம ஸ்கூல்கள்ல ரெண்டு நாளும் பூ கொட்டணும் புள்ளைங்க கை தட்டணும், அதனால ரெண்டுக்கும் மூட்டை தான். நானும் அப்படித்தான் செஞ்சேன், அதுல எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல.

வருத்தம் வேற. அன்னைக்கு ராத்திரி பால்கனியில சாப்பிட்டுக்கிட்டே நீ ஒரு போட்டோ போட்ட பாரு, பின்னாடி மழையில கொடி கம்பத்தோட சுத்திக்கிட்டு ஒட்டிப்போய் தொங்குது. ராத்திரியும் பறக்கலாம்னு 2022 ஜூலையில மாத்திட்டாங்கம்மான்னு நீ சட்டம் பேசுவ, தெரியும். அதுக்கு முன்னாடி சூரியன் உதிச்சா ஏத்தணும் சாஞ்சா இறக்கணும், அவ்வளவுதான். இப்ப விட்டுட்டாங்க, சரி. ஆனா அம்மு, பறக்கலாம்னு தானே சொன்னாங்க, நனைஞ்சு சுருண்டு கிடக்கலாம்னா சொன்னாங்க? சாயங்காலம் கொடி இறக்க யாரு இருந்தீங்க அங்க? காலைல நூத்தம்பது பேரு கேசரி சாப்பிட்டீங்களே.

மறுநாள் நீயே சொன்ன, விடியக்காலம் வாட்ச்மேன் இறக்கி அவரு ரூம்ல கயித்துல காயப் போட்டிருக்காருன்னு. அத சொல்லிட்டு அடுத்த மெசேஜ்லயே அதே வாட்ச்மேன் ஜன கண மன பாடுறப்ப கேட் பக்கத்துல பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருக்கற போட்டோ, யாரோ எடுத்து குரூப்ல போட்டு, கீழ "இவங்களுக்கெல்லாம் தேசபக்தி எங்க"ன்னு ஒருத்தர், "ஏஜென்சிக்கு கம்ப்ளெயிண்ட் பண்ணுங்க"ன்னு இன்னொருத்தர், அதுக்கு எங்க செகரட்டரி ஒரு கட்டைவிரல் போட்டிருக்காங்க. அத நீ எனக்கே ஃபார்வர்டு பண்ற, பாருமான்னு. நான் பாத்தேன். ரெண்டு நாள் தூக்கம் வரல, அதனால தான் இந்த லெட்டரு.

ஒரு விஷயம் உங்கிட்ட இதுவரைக்கும் சொன்னதில்ல.

99ல நம்ம மேஜர் சரவணன் கார்கில்ல இறந்தது உனக்கு லேசா ஞாபகம் இருக்கும். மே 29ல படாலிக் பக்கம் இறந்தவரோட உடம்ப மீட்கவே ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, ஜூலையில தான் திருச்சிக்கு கொண்டு வந்தாங்க. நான் புள்ளைங்கள கூட்டிக்கிட்டுப் போய் ரோட்டோரம் நின்னேன். பெட்டி மேல கொடி போத்தியிருந்தாங்க. காவி தலைமாட்டுல இருக்கணும், எரிக்கும்போதோ புதைக்கும்போதோ கொடிய எடுத்துடணும், அதோட போகக்கூடாது, அதெல்லாம் புள்ளைங்களுக்கு சொல்லிக்கிட்டே வந்தேன், சொல்லும்போதே தொண்டை அடைச்சுக்கிச்சு. கன்டோன்மென்ட்ல அவரு நினைவுத்தூண் இருக்கற பக்கம் பஸ்ஸு திரும்பும்போதெல்லாம் அந்த ஜூலை தான் ஞாபகம் வரும். (அவரு இருந்தது பீகார் ரெஜிமென்ட்ல, அந்த ஊரு பசங்களோட தான் மலை ஏறுனாரு. உங்க வாட்ச்மேனுக்கும் அந்தப் பக்கம் தானேன்னு நினைச்சுக்கிட்டேன், அவ்வளவுதான்.)

அந்த வருஷம் பூரா எல்லாருக்கும் ஒரு வேகம். எனக்கும். அடுத்து வந்த 2000 ஜனவரி 26, குடியரசு ஆகி அம்பது வருஷம், பெருசா பண்ணணும்னு ஹெச்.எம். சொல்லிட்டாரு. ஏழரைக்கு புள்ளைங்கள லைன்ல நிறுத்தியாச்சு, சீஃப் கெஸ்ட் வந்தது ஒம்போதே காலுக்கு. ஜனவரின்னாலும் திருச்சி வெயிலு எப்படின்னு உனக்கு தெரியும். கொடி அவுந்து பூ கொட்டி ஜன கண மன ஆரம்பிச்சதும் ஏழாப்பு லைன்ல ஒரு பையன் பொத்துன்னு உக்காந்தான். மயங்கி விழல, தானா உக்காந்தான், தலைய முட்டிக்கு நடுவுல வச்சுக்கிட்டு. பாட்டு முடியட்டும்னு தான் நின்னேன், 52 செகண்டு, அத்தன நீளமான 52 செகண்ட நான் பாத்ததே இல்ல. முடிஞ்சதும் நேரா போய் எல்லார் முன்னாலயும் கன்னத்துல ஒண்ணு வச்சேன். எல்லையில ஒருத்தர் உயிர குடுக்குறாரு உனக்கு ஒரு நிமிஷம் நிக்க முடியாதாடான்னு கேட்டேன். அவன் ஒண்ணும் சொல்லல. ஹெச்.எம். என்னை பாத்து தலைய ஆட்டுனாரு, பாராட்டுற மாதிரி.

அப்புறம் ஆயா தான் வந்து சொன்னாங்க, டீச்சர், அது முந்தின நாள் மத்தியானம் சத்துணவு சாப்பிட்டதோட சரி, இன்னைக்கு மிட்டாய் குடுப்பாங்கன்னு வந்திருக்குதுன்னு. நான் போய் தேடுறதுக்குள்ள போயிட்டான். மிட்டாயும் வாங்கல.

அடுத்த வருஷம் அதே பையன் எட்டாப்பு, முதல் வரிசையில நின்னான். விறைப்பா, குதிகால் சேத்து, நான் சொல்லிக்குடுத்தபடியே. எல்லாரும் அண்ணாந்து கொடிய பாக்குறாங்க, அவன் மட்டும் என் கையவே பாத்துக்கிட்டு நின்னான்.

அதுக்கப்புறம் நான் யாரையும் அடிக்கலன்னு சொன்னா பொய்யாயிடும், ஆனா கொடி முன்னால அடிக்கல. சீஃப் கெஸ்ட் வந்து வாசல்ல இறங்குனப்புறம் தான் லைன் விடுவேன்னு ஹெச்.எம். கிட்ட ஒவ்வொரு வருஷமும் சண்டை போட்டேன்.

சட்டம்னு பேசுனாலும் கேளு. தேசிய சின்னங்கள அவமதிக்கறத தடுக்க வந்த 1971ஆம் வருஷ சட்டத்துல தேசிய கீதம் பாடுறத வேணும்னே தடுக்கறது, பாடுற கூட்டத்துல கலாட்டா பண்றது தான் குத்தம், மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். கேரளாவுல மூணு புள்ளைங்க மரியாதையா எந்திரிச்சு நின்னும் அவங்க மத நம்பிக்கைக்காக பாடலன்னு ஸ்கூல விட்டு அனுப்புனாங்க, சுப்ரீம் கோர்ட்டு 86ல சேத்துக்கச் சொல்லிடுச்சு. தியேட்டர்ல 2016ல கட்டாயம் போடணும்னாங்க, 2018ல போட்டா போடு இல்லாட்டி போன்னு விட்டுட்டாங்க. கோயம்புத்தூர்ல கொடி டிசைன்ல கேக் வெட்டுனதுக்கு ஒரு கேஸ், 2013ல நடந்த கிறிஸ்துமஸ் விழா, அது ஹைகோர்ட்டு வந்து குத்தம் இல்லன்னு முடிய 2021 ஆச்சு. எந்திரிச்சு நிக்கணும், அது முறை, நான் இல்லன்னு சொல்லல. பன்னெண்டு மணி நேரம் நைட் ஷிஃப்ட் பாத்து, ரிலீவர் வராததால மறுபடி நின்ன மனுஷன் ஸ்பீக்கர் சத்தம் கேட்டு எந்திரிக்கறதுக்குள்ள போட்டோ எடுத்தவரு இருக்காரே, அவரு அந்த 52 செகண்ட்ல என்ன பண்ணிக்கிட்டு இருந்தாரு? போன கையில வச்சு ஃபோகஸ் பண்ணிக்கிட்டு. அட்டென்ஷன்ல நின்னா கை தொடையோட இருக்கணும்டி.

எந்திரிக்கறதுக்குள்ளன்னு நானா தான் சொல்றேன், ஒருவேள எந்திரிக்காமயே கூட இருந்திருக்கலாம். யாராவது அவரை கேட்டீங்களா?

எனக்கு இந்த நாள் எல்லாத்துலயும் பிடிச்சது எதுன்னா நீ சிரிப்ப, ஜனவரி 30. மிட்டாய் கிடையாது, பூ கிடையாது, சீஃப் கெஸ்ட் கிடையாது. காந்தி இறந்த நாள், காலைல 11 மணிக்கு சங்கு ஊதுனா ரெண்டு நிமிஷம் அப்படியே நிக்கணும். கிரவுண்டுல ஓடிக்கிட்டு இருக்குற புள்ளைங்க எங்க இருக்கோ அங்கயே நிக்கும், ஒருத்தன் பந்தை மேல தூக்கிப் போட்டுட்டு நின்னு, பந்து தலையில விழுந்தும் அசையல, அவன நான் எத்தனையோ தடவ நினைச்சுப்பேன். அப்புறம் டிசம்பர் 7 கொடி நாள், உண்டியல தூக்கிக்கிட்டு வகுப்பு வகுப்பா போவோமே, சிவப்பு, கரு நீலம், இளநீலம்னு சின்ன கொடிய சட்டையில குத்திவிட்டு ஒரு ரூபா ரெண்டு ரூபா, படைவீரர் குடும்பத்துக்கு போற காசு. அப்பார்ட்மென்ட்ல அத யாராவது பண்றீங்களா? பண்ணுனா சொல்லு, நான் கூகுள் பே பண்றேன்.

இப்ப வேலைய பேசுவோம். பால்கனியில 2022ல இருந்து ஒரு கொடி இருக்கே, போஸ்ட் ஆபீஸ்ல 25 ரூபாய்க்கு வாங்குனது, ஓரம் நூல் நூலா போயிருச்சு. கிழிஞ்ச கொடி பறக்கவிடக்கூடாது. குப்பை வண்டியில போட்டுறாத, யாரும் இல்லாத நேரமா பாத்து மரியாதையா எரிச்சிரலாம், ஆனா அது பாலியஸ்டரு, மொட்டை மாடியில தள்ளி வச்சு பண்ணு, புகை நாறும். 2021 டிசம்பர் வரைக்கும் பாலியஸ்டரே கூடாது, கதரு, பட்டு, கம்பளின்னு கைத்தறி தான், எனக்கு அது தான் மனசுக்கு. அடுத்தது வாங்குறப்ப கதர்லயே வாங்கு, உங்க கர்நாடகாவுலயே ஹூப்ளி பெங்கேரியில தான் அந்தக் கொடியெல்லாம் தைக்கிறாங்க, பக்கத்துல இருந்துக்கிட்டு ஆன்லைன்ல சைனா துணிய வாங்காத.

அப்புறம் மாப்பிள்ளை கார் பானட் மேல கொடிய விரிச்சு கட்டியிருந்தாரே, அது கூடாது. வண்டி மேல, பின்னால, பக்கவாட்டுல எங்கயும் போத்தக்கூடாது. நான் சொன்னேன்னு சொல்லாத, நீயா படிச்ச மாதிரி சொல்லு. லிஃப்ட் பக்கத்துல செவுத்துல நெடுக்கா தொங்கவிட்டிருந்ததும் தப்பு, பாக்குறவங்களுக்கு காவி இடது கைப்பக்கம் வரணும், நீங்க பச்சைய விட்டிருந்தீங்க. போட்டோவுல பாத்ததும் கை பரபரன்னுச்சு எனக்கு.

மடிக்கிறது ஞாபகம் இருக்கா? நாலாப்புல திருப்பூர் குமரன் வேஷம் போட்ட, கொடிய கீழ விடாம செத்தாரு, 27 வயசுன்னு சொல்லிக்குடுத்தேன், நீ சாப்பிடும்போதும் கொடிய கீழ வைக்கமாட்டேன்னு அழுது இட்லிய நான் ஊட்டிவிட்டேன். அன்னைக்கு சாயங்காலம் என் கூட ஸ்கூலுக்கு வந்தல்ல, காத்தாடிக்கிட்டு இருந்த கிரவுண்டுல நானும் நீயும் ஆயாவும் மட்டும். மெதுவா இறக்கணும், ஏத்தும்போது தான் விறுவிறுன்னு. காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில மடக்கு, அப்புறம் ரெண்டு பக்கமும் உள்ள மடக்கிட்டு வந்தா நடுவுல சக்கரமும் கூட கொஞ்சம் காவியும் பச்சையும் மட்டும் தெரியும், ரெண்டு உள்ளங்கையிலயும் வச்சு தூக்கிட்டு போகணும். நீ தூக்கிட்டு போன. ஆயா பின்னாடியே கிரவுண்டுல கெடந்த காகிதக் கொடி எல்லாம் பொறுக்கி முந்தானையில போட்டுக்கிட்டு வந்தாங்க.

வாட்ச்மேன் ரூம்ல காயப்போட்ட கொடிய போய் நீயே வாங்கு. ஆள் அனுப்பாத. ஈரம் முழுசா போயிருச்சான்னு தொட்டுப் பாத்துட்டு மடி, இல்லாட்டி பூஞ்சை புடிச்சிரும். இறக்கி வச்சதுக்கு ஒரு தேங்ஸ் சொல்லு. ஹிந்தி உனக்கு வரும்ல.

குரூப்ல போட்ட கட்டைவிரல எடுக்க முடியுமாமே, பொடியன கேட்டேன், அதையே மறுபடி அமுக்குனா போயிருமாம். எடுத்துட்டு ராத்திரி ஒரு மெசேஜ் போடு. நார்த்தங்கா ஊறுகா போட்டிருக்கேன், உங்க சித்தப்பா வர்ற வாரம் பெங்களூர் வர்றாரு, குடுத்து அனுப்புறேன், ரெண்டு பாட்டிலா வரும், ஒண்ணு கேட்டுல குடுத்துடு.

அம்மா