உன் பெயரை எழுதிவிட்டேன்

திருப்பூர்,
ஆகஸ்ட் 9

அன்புள்ள முத்து,

பதினொரு மாதமாக வாய் திறக்காமல் இருந்தவன் திடீரென்று கடிதம் எழுதுகிறான் என்றால், ஒன்று கல்யாணப் பத்திரிகையாக இருக்கும், இல்லையென்றால் கடன் கேட்பான் என்று நீ நினைத்திருப்பாய். இரண்டும் இல்லை. உன்னைக் கேட்காமல் உன் பெயரை ஒரு விண்ணப்பத்தில் எழுதிவிட்டேன். அது என் கையை மீறிப் போய்விட்டது. திட்டுவதாக இருந்தால் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டு.

இங்கே எல்லோரும் நலம். அக்காவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, இப்போது என் சட்டையில் இருக்கும் கறைகளைக்கூட எண்ணிச் சொல்கிறாள். உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று அடுத்த கடிதத்தில் விரிவாகக் கேட்கிறேன்.

தூய தொழில்நுட்பத்தில் புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கான போட்டி ஒன்றில் நான் கலந்துகொண்டிருக்கிறேன். சிரிக்காதே. ஐ.நா. சபையின் தொழில் வளர்ச்சி அமைப்பான யூனிடோ, 2011-இல் டர்பனில் பருவநிலை மாநாடு நடந்த சமயத்தில் தென்னாப்பிரிக்காவில் இப்படி ஒரு போட்டியை நடத்திப் பார்த்துவிட்டுப் பிறகு இந்தியா உட்படப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனது. அந்தப் போட்டிக்கு முன்மாதிரி கலிபோர்னியாவில் நடந்த ஒன்று. நான் சேர்ந்திருப்பது அதே அச்சில் வார்த்த ஒன்று. பரிசு கொடுப்பது மட்டும் நோக்கமல்ல. நான்கைந்து மாதம் வகுப்பு எடுக்கிறார்கள், வழிகாட்டி ஒருவரை அமர்த்துகிறார்கள், வீட்டுப்பாடம் தருகிறார்கள். அறுபத்திரண்டு வயதில் வீட்டுப்பாடம் எழுதாமல் திட்டு வாங்கியவன் நம் விடுதியிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

விண்ணப்பத்தில் 'குழு உறுப்பினர்கள்' என்று ஒரு கட்டம் இருந்தது. ஒரே பெயரைப் போட்டால் அடுத்த பக்கத்துக்குப் போக விடவில்லை. இரவு பதினொன்றரை மணி, நள்ளிரவோடு கெடு முடிகிறது. 'வேதியியல் ஆலோசகர், உப்பளத் தொழிலில் நாற்பது ஆண்டு அனுபவம்' என்று உன் பெயரை எழுதி அனுப்பிவிட்டேன். அதில் பொய் ஒன்றும் இல்லை என்பதை நீயே ஒப்புக்கொள்வாய்.

உப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றும்போது, தண்ணீரில் நனைந்த பஞ்சிழையும் எதிர்மின்னேற்றம் கொள்கிறது, சாயமும் எதிர்மின்னேற்றம் உடையது, இரண்டும் ஒன்றையொன்று தள்ளுகின்றன. உப்பைக் கொட்டினால்தான் சாயம் இழையை நெருங்கும். கருநீலம், கறுப்பு போன்ற அடர்நிறங்களுக்கு ஒரு கிலோ துணிக்கு ஏறத்தாழ அரைக் கிலோ உப்பு பிடிக்கும். அதில் ஒரு சிட்டிகைகூடத் துணியில் தங்குவதில்லை. வந்த வேலையை முடித்துக்கொண்டு முழுவதும் கழிவுநீரோடு போய்விடுகிறது. ஓர் ஊரே பல ஆண்டுகளாக இப்படி உப்பைத் தண்ணீரில் கரைத்து அனுப்பினால் என்ன ஆகும் என்பதை நொய்யல் ஆற்றின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்த என் மாமா தோட்டத்தில் நீயும் பார்த்தாய். 1982-இல் நாம் தலைகீழாகக் குதித்த அதே கிணற்றுத் தண்ணீரில் பிற்பாடு பருப்பு வேகவில்லை. பாசனத்துக்கென்று கட்டிய அணையில் சாயக்கழிவு தேங்கி நின்றது. தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று கீழே இருந்த விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. அவர்கள் தொடுத்த வழக்கில்தான் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள். ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றியவைதான் பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தன.

அந்த நிபந்தனையை நிறைவேற்றும் வழி செலவு பிடித்தது. கழிவுநீரைச் சவ்வுகளின் வழியே அழுத்தித் தண்ணீரின் பெரும்பகுதியை மீட்டுவிடலாம். மிஞ்சுகிற அடர்ந்த உப்புநீரைக் கொதிக்க வைத்து வற்றச் செய்ய வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 540 கிலோகலோரி வெப்பம் வேண்டும் என்று நாம் மனப்பாடம் செய்தது நினைவிருக்கிறதா? ஒரு கலத்தின் ஆவியைக் கொண்டு அடுத்த கலத்தைச் சூடாக்கிச் சிக்கனம் செய்கிறார்கள் என்றாலும், கொதிகலன் வாசலில் விறகு லாரிகள் நிற்பதை நீ வந்து பார்க்க வேண்டும். நீரை வற்றவைத்த பிறகு மிஞ்சுவது இரண்டு மூன்று உப்புகள் கலந்த அழுக்கு மூட்டை. அதை யாரும் வாங்குவதில்லை. கொட்டகை போட்டு அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

நான் ஆயுள் முழுவதும் குளிர்சாதனம் பொருத்தியவன். எல்லோரும் சூடாக்கிக்கொண்டிருந்த இடத்தில் எனக்குக் குளிர்விக்கத் தோன்றியது. சாயத்துக்குப் பயன்படும் கிளாபர் உப்பு, அதாவது சோடியம் சல்பேட், முப்பது டிகிரியில் நூறு கிராம் தண்ணீரில் நாற்பது கிராம் கரையும். பூச்சியத்துக்கு வந்தால் ஐந்து கிராம்தான் கரைந்து நிற்கும். உன் சாதா உப்போ சூட்டுக்கும் குளிருக்கும் அசையாமல் முப்பத்தாறு கிராமிலேயே உட்கார்ந்திருக்கும். ஆகவே கலவையைக் குளிர்வித்தால் ஒன்று படிகமாக இறங்கும், மற்றொன்று நீரிலேயே நிற்கும். இது நான் கண்டுபிடித்தது இல்லை. பெரிய ஆலைகளில் பெரிய எந்திரங்களில் நடப்பதுதான். சிறு பட்டறைக்காரன் தன் வாசலிலேயே வைத்துக்கொள்ளும்படி அதைச் சிறிதாக்கியதுதான் என் வேலை. எப்படி என்று கேள்: பால் சங்கம் ஒன்று கழித்துப்போட்ட ஐந்நூறு லிட்டர் பால் குளிரூட்டும் தொட்டியை விலைக்கு வாங்கினேன். பாலுக்கு நான்கு டிகிரி, உப்புக்கும் நான்கு டிகிரி. முதல் நாள் விடிகாலையில் மூடியைத் திறந்தபோது தொட்டியின் அடியிலும் சுவரிலும் விரல் நீளத்துக்குக் கண்ணாடி ஊசிகள் முளைத்திருந்தன. அக்காவை எழுப்பிக் கூட்டிவந்து காட்டினேன். "கற்கண்டு மாதிரி இருக்கிறது, வாயில் போட்டுவிடாதே" என்றாள்.

மூன்றாம் மாதம் தொட்டியில் ஊசிமுனை அளவு ஓட்டைகள் விழுந்தன. பால் தொட்டியின் எஃகுக்குச் சாதா உப்பில் இருக்கும் குளோரைடு ஆகாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. ஒழுகிய உப்புநீரில் பின்கட்டு முருங்கை பட்டுப்போனது. அதற்காக அக்கா என்னிடம் பேசாமல் இருந்த நாட்கள் ஒன்பது.

மே மாதம் முதல் சுற்றுத் தேர்வு சென்னையில். நடுவர்களுக்குக் காட்டுவதற்காக ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையப் படிகம் எடுத்துக்கொண்டு காரில் போனேன். அக்கினி நட்சத்திரம். வழியில் சாப்பிட இறங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டியை வெயிலில் விட்டேன். கிளாபர் உப்புப் படிகத்தின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். 32 டிகிரியைத் தாண்டினால் தன் நீரிலேயே தான் கரையும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான். அரங்கில் ஏறி, "நாங்கள் மீட்டெடுத்த தூய படிகம் இதோ" என்று பாட்டிலை உயர்த்திக் காட்டினேன். உள்ளே நொய்க்கஞ்சி ஆடியது. ஒரு நடுவர் மிகுந்த மரியாதையுடன், "இதைக் குடிக்க வேண்டுமா?" என்று கேட்டார். அரைக்கால் குமரேசன் அங்கே இருந்திருந்தால் அதற்கு ஒரு பாட்டுக் கட்டியிருப்பான். ஆனால் கஞ்சி ஆனது ஏன் என்று நான் விளக்கியதில்தான் அவர்களுக்கு என் மேல் நம்பிக்கை வந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

போட்டியில் எனக்குக் கிடைத்த உண்மையான லாபம் அவர்கள் கொடுத்த ஒரு வீட்டுப்பாடம்தான். விற்க நினைக்கும் பொருளைப் பற்றி வாயே திறக்காமல், அதை வாங்கக்கூடிய முப்பது பேரிடம் அவர்களுடைய தொல்லைகளை மட்டும் கேட்டு எழுதி வர வேண்டும். முதலில் எரிச்சலாக இருந்தது. இருபத்து மூன்று பேரைப் பார்த்து முடித்தேன். உப்பின் விலையைப் பற்றி யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. எல்லோரும் பயந்தது ஷேடு மாறிவிடும் என்றுதான். ஒரு லாட்டு நிறம் தப்பினால் ஒரு வருட உப்புக்காசு ஒரே நாளில் போய்விடும்.

ஒரு வயதான டையிங் மாஸ்டர், நான் கொடுத்த உப்பில் ஒரு பிடி எடுத்துக் கண்ணாடி டம்ளரில் கரைத்தார். தெளிவாகத்தான் இருந்தது. பிறகு சோடா சாம்பலை ஒரு கரண்டி போட்டுக் கலக்கி வெளிச்சத்தில் பிடித்தார். மெல்ல மெல்ல அரிசி கழுவிய தண்ணீர் போல வெளுத்தது. "இதுல நேவி போட்டா துணிக்குத் தேமல் புடிச்சுருமுங்க" என்று சொல்லி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சுண்ணாம்புச் சத்து! மாமா கிணற்றில் பருப்பை வேகவிடாமல் செய்ததும் அதுதான். படிகத்தில் ஒட்டியிருந்த தாய்நீரோடு, அதாவது படிகம் இறங்கிய பின் மிஞ்சுகிற நீரோடு, அது வந்திருந்தது. உன் அப்பா உப்பளத்தில் உப்பு இறங்கியதும் கசப்புத் தண்ணீரை வடித்து விடுவாரே, வடிக்கத் தாமதமானால் உப்பு கசந்துபோகும் என்று கத்துவாரே, அந்தச் சத்தம் என் காதில் அப்படியே கேட்டது. அன்றிலிருந்து வடித்த படிகத்தைக் குளிர்ந்த நீரால் ஒரு தடவை அலசுகிறேன். ஆறு வாரம் கழித்து அதே மாஸ்டரிடம் கொண்டுபோனேன். டம்ளர் வெளுக்கவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல், மூட்டையை உள்ளே வைக்கும்படி ஒரு பையனுக்குக் கையைக் காட்டினார். எனக்குக் கிடைத்த பட்டம் அது.

இனி என் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். இறுதிச் சுற்றுக்கான ஆவணத்தில் 'உங்கள் போட்டியாளர் யார்?' என்று ஒரு கேள்வி. பெரிய எந்திரக் கம்பெனிகளின் பெயரைப் போட்டு, அவற்றைவிட நாம் எதில் மேல் என்று கட்டம் கட்டிக் காட்ட வேண்டும். நான் 'நொய்யல் ஆறு' என்று எழுதினேன். விளையாட்டுக்கு எழுதவில்லை. முறையாகச் சுத்திகரிக்கிறவன் லிட்டருக்கு இவ்வளவு என்று கொடுக்கிறான். மழை பெய்கிற இரவில் வாய்க்காலில் திறந்துவிடுகிறவனுக்குச் செலவே இல்லை. மழைக்கு மறுநாள் ஆற்றில் நுரை போகிறதென்று செய்தி வராத ஆண்டு உண்டா? என் எந்திரம் எவ்வளவு மலிவானாலும் இலவசத்தைவிட மலிவாக முடியாது. என் வழிகாட்டி நல்ல மனிதர். ஆனால் அதைப் படித்துவிட்டு, "முதலீட்டாளர்கள் இதை ரசிக்க மாட்டார்கள், 'முறைசாரா வெளியேற்றம்' என்று மாற்றுங்கள்" என்றார். மாற்றிவிட்டேன். மாற்றிய அன்று இரவு மாமா கனவில் வந்தார் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், வரவில்லை. ஆனால் தூக்கமும் வரவில்லை.

அதோடு விட்டார்களா? ஐந்தாண்டுகளில் எத்தனை டன் கரியமில வாயுவை மிச்சப்படுத்துவீர்கள் என்று இன்னொரு கட்டம். ஒரு தொட்டிக்கு விறகுக் கணக்குப் போட்டு எனக்கு ஒரு தொகை வந்தது. குளிரூட்டும் மின்சாரத்தை அதில் கழித்தேனா என்பதே எனக்கு இப்போது சந்தேகம். என் மகள் அதை முந்நூறால் பெருக்கி அழகான வரைபடமாக்கி விட்டாள். எங்களிடம் இருப்பது ஒரு தொட்டி, அதிலும் பதினான்கு ஒட்டு. அவளைக் கேட்டால், "எல்லோரும் இப்படித்தான் போடுவார்கள் அப்பா, நீங்கள் மட்டும் குறைத்துப் போட்டால் உங்கள் திட்டமே சிறியது என்று நினைப்பார்கள்" என்கிறாள். அதிலும் நியாயம் இருக்கிறது என்பதுதான் வேதனை. உனக்குத் தெரியும், சாயப்பட்டறைகளின் ஆய்வகங்களுக்கும் அலுவலகங்களுக்கும் குளிர்சாதனம் பொருத்திச் சம்பாதித்த பணத்தில்தான் நான் இந்த வீட்டைக் கட்டினேன். அந்த வருடங்களில் கழிவுநீர் எங்கே போகிறது என்று ஒரு முறைகூட நான் யாரையும் கேட்டதில்லை. இப்போது வந்து ஆற்றின் பெயரில் கணக்கைக் கூட்டி எழுதினால் எனக்கே சகிக்கவில்லை.

ஆகவே உன்னிடம் மூன்று காரியம் வேண்டும். என் கணக்குத் தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன். சிவப்பு மையில் திருத்து, இரக்கம் காட்டாதே. இரண்டாவது, குழுவில் இருக்கச் சம்மதம் என்று கையெழுத்திட்ட கடிதம் ஆகஸ்ட் 25-க்குள் அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். மறுப்பதென்றால் தாராளமாக மறுத்துவிடு. உன் பெயரை நானே எடுத்துவிட்டு மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொடுக்கிறேன், மொட்டைமாடி விவகாரத்தில் வார்டனுக்கு எழுதிக்கொடுத்த அனுபவம் இருக்கிறது. மூன்றாவது, சம்மதித்தால் செப்டம்பர் 14 அன்று நீ சென்னையில் இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் நான் பேச வேண்டும், ஐந்து நிமிடம் அவர்கள் கேள்வி கேட்பார்கள். போட்டியாளரைப் பற்றிக் கேட்டால் மாற்றி எழுதியதைச் சொல்வதா, முதலில் எழுதியதைச் சொல்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. நீ பக்கத்தில் இருந்தால் முதலில் எழுதியதையே சொல்லிவிடுவேன் என்று தோன்றுகிறது.

முத்துநகர் விரைவு வண்டியில் முந்தின இரவே ஏறிவிடு. எழும்பூரில் நான் நிற்பேன். அக்காவுக்கு அரைக் கிலோ மக்ரூன் வாங்கி வா. முருங்கை விஷயத்தில் அவள் இன்னும் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை. இந்த முறை படிகத்தை ஐஸ் போட்ட தெர்மாஸில் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
ஐஸ்பெட்டி