ஞாயிறு கலந்துரையாடல்: பழைய கப்பல்தளத்தில் புதிய போர்க்கப்பல்கள்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு மெரினா உழைப்பாளர் சிலை அருகே கூடுகிறோம். பேசப்போவது மும்பை கடற்படைக் கப்பல்தளம் பற்றி. 18-ஆம் நூற்றாண்டு முதல் வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தில் கப்பல் கட்டிய இடம் அது. 1817-இல் அங்கே உருவான டிரிங்கோமாலி என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது!

அந்தக் காலத்து உலர்துறைகளுக்குள் (கப்பலை நீரின்றி நிறுத்திப் பழுதுபார்க்கும் தொட்டிகள்) விமானந்தாங்கிக் கப்பல் நுழைய முடியாது. நம் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பலான விக்ரமாதித்யாவின் அடிப்பகுதியைப் பழுதுபார்க்கக் கொச்சிக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. அதற்காகப் பழைய துறைகளை இடித்துவிடவில்லை. மும்பைத் தளத்தை ஒட்டிக் கடலுக்குள்ளேயே புதிதாக ஓர் உலர்துறையைக் கட்டினார்கள். 281 மீட்டர் நீளம், 45 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆழம். 2019 செப்டம்பரில் திறந்தார்கள். கப்பலை உள்ளே இழுத்து, கதவை அடைத்து, நீரை இறைத்துவிட்டால் அடிப்பகுதி முழுவதும் தெரியும். பழமையைக் காத்தபடியே வளர முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

நம் சென்னைக்கு அருகே உள்ள காட்டுப்பள்ளிக் கப்பல்தளத்தையும் விட்டுவிடக் கூடாது. 2022-இல் அமெரிக்கக் கடற்படையின் சார்லஸ் ட்ரூ கப்பல் பழுதுபார்ப்புக்கு வந்தது அங்கேதான்.

துறைமுகத்தில் வேலை பார்த்த பெரியவர்கள் அவசியம் வாருங்கள். வெல்டிங், பெயின்ட் வேலை பற்றி நீங்கள் சொல்வதைக் கேட்க இளையவர்கள் காத்திருக்கிறார்கள். வருபவர்கள் சனிக்கிழமைக்குள் இங்கே பதிலிடுங்கள்.